முப்பத்தொரு கறுப்புக் கோலி

எங்கள் குப்பத்தில் அங்கமுத்துவை யாரும் அங்கமுத்து என்று கூப்பிடுவதில்லை. ‘கையி’ என்றுதான் சொல்வார்கள். “கையி வந்துச்சா?” “கையி வராம எப்பிடி ஆரம்பிக்கறது?” அறுபது வயதுக்குள் ஒரு மனிதனின் பெயர் முழுவதும் தேய்ந்து, ஓர் உறுப்பு மட்டும் மிஞ்சிவிட்டது.

காரணம் பாடு. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம். வலை கட்ட நினைக்கிற வீடுகள் அதிகம். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை கட்டினால் இறால் தப்பித்துவிடும், மண்டைதான் உடையும். ஆகவே எந்த வீட்டுக்கு எந்த இடம், எந்த நாள் என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொள்கிறோம். அப்படி விழுகிற முறைக்குப் பாடு என்று பெயர். அந்தச் சீட்டுப் பானையை இருபத்தாறு வருஷமாகப் பிடித்திருந்தவர் அங்கமுத்து.

பிடிப்பதென்றால் சும்மா பிடிப்பதில்லை. சட்டையைக் கழற்றி ஓரமாக வைப்பார். இரண்டு கைகளையும் விரித்து முன்னும் பின்னும் காட்டுவார். பானையைக் கவிழ்த்துத் தட்டுவார். சீட்டை எடுத்தவன் பிரித்ததும் அதைத் தான் வாங்கிப் பார்த்து, தலைக்கு மேல் தூக்கி, நாலு பக்கமும் திரும்பி, மூன்று தரம் கூவுவார். ஒரு வருஷம் ஈரக்கையில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு இரண்டு நொடி யார் கண்ணுக்கும் படாமல் போனது. அன்றைக்கு அதுவரை எடுத்த பதினெட்டுச் சீட்டையும் தூக்கிப் பானையில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். “கண்ணுக்கு மறைஞ்ச சீட்டு சீட்டே இல்ல” என்பது அவருடைய ஒரே தத்துவம். நாலு வருஷம் தொடர்ந்து ஏரியிலேயே மோசமான இடம் அவர் வீட்டுக்கு விழுந்தபோது, ஊர் அதை அவருடைய யோக்கியதைக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டது. அவர் மனைவி இளவரசி மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“ஊருக்கெல்லாம் நல்ல கையி. நம்ம வூட்டுக்கு மட்டும் நொள்ள கையி” என்பாள்.

மற்றபடி அங்கமுத்துவிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அஞ்சாம் வகுப்புவரை படிப்பு. ஒழுகுகிற படகு. ஒரே மகன் அம்பத்தூரில் ஏதோ ஒரு கம்பெனியில். ஏரியில் அவரைவிட நன்றாக இறால் பிடிக்கிறவர்கள் முப்பத்தொன்பது வீட்டிலும் இருந்தார்கள். அவருக்கு அந்தக் கை மேல் இருந்த பெயர் ஒன்றுதான் சொத்து. அதையும் ஓர் ஆய்வு வந்து கொண்டுபோனது.

மக்களுக்கு அரசு மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்கிற ஆய்வு அது. அரசுக்குத் திடீரென்று அந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் நந்தினி என்ற பெண், தோளில் பையும் கையில் டேப்லெட்டுமாக முதல் தடவை வந்தபோது, ஊராட்சியின் பிரெசிடெண்டு உதயகுமார்தான் வீடுவீடாக வழிகாட்டிப் போனான். சட்டப்படி ஊராட்சித் தலைவர் அவன் மனைவி ஜமுனா. பதவியேற்ற அன்று ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நாற்காலிக்கு உதயகுமாரின் உடம்புதான் பழகிவிட்டது. அவன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருக்க, நந்தினி உள்ளே “அரசு மேல நம்பிக்கை இருக்குங்களா?” என்று கேட்டாள். நாற்பது வீட்டிலும் இருந்தது. ரொம்பவே இருந்தது. கஸ்தூரியம்மாள் கண்ணில் தண்ணீரே வைத்துக்கொண்டாள்.

நூற்றுக்கு நூறு. மேலிடத்தில் நந்தினியைக் கூப்பிட்டு விளாசிவிட்டார்களாம். கடவுளுக்கே கிடைக்காத மதிப்பெண், இதை எந்த அறிக்கையில் போடுவது என்று. அதனால் மறுவருஷம் புது முறையோடு அனுப்பினார்கள். இந்தத் தடவை பதில் சொல்கிறவர்களின் அந்தரங்கம் முழுமையாகக் காக்கப்படும். முதல் ஏற்பாடாக ஆளுக்கு ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. ‘என் பெயர் எங்கும் பதிவு செய்யப்படாது என்பதைப் படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், கைபேசி எண், கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை.

முனியன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாற்பது வயதுக்காரன், வாய்க்குப் பேர்போனவன். “பேர எழுதமாட்டோம்ன்றதுக்கு பேர எழுதணுமா மேடம்?”

“அது தனிக் கவர்ல போயிடும்ணா. உங்க பதிலோட சேராது.”

“கவரு எங்க போவும்?”

“ஆபீசுக்கு.”

“பதிலு?”

“அதுவும் ஆபீசுக்குத்தான். ஆனா வேற பீரோ.”

“நைட்ல ரெண்டு பீரோவும் பேசிக்காதா?”

நந்தினி சிரிக்கவில்லை. வெயில் அப்படி. அடுத்து, ஊரில் எல்லோரும் நம்புகிற ஒருவர் வேண்டும், ஒரு பையைப் பிடிக்க, என்றாள். நாற்பது வீடும் ஒரே பக்கம் கையைக் காட்டியது. எங்கள் ஊர் ஒற்றுமையாக ஒன்றைச் செய்ததென்றால் அதுதான்.

வலைக்கொட்டகைக்குள் அங்கமுத்துவை உட்காரவைத்து நந்தினி விளக்கினாள். “இந்தப் பையில பத்து கோலி இருக்கு ஐயா. நாலு கறுப்பு, ஆறு வெள்ளை. ஒவ்வொருத்தரா உள்ள வந்து கையவிட்டு ஒண்ணு எடுப்பாங்க. கறுப்பு வந்தா, மனசுல என்ன இருந்தாலும் வெளிய வந்து என்கிட்ட ‘நம்பிக்கை இல்லை’ன்னு சொல்லணும். வெள்ளை வந்தா மட்டும் உண்மையச் சொல்லணும். அப்பதான் ஒருத்தர் ‘இல்லை’ன்னு சொன்னா அது மனசு சொன்னதா, கோலி சொன்னதான்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. யாரும் யாரையும் எதுவும் கேக்க முடியாது.”

அங்கமுத்து யோசித்தார். “இன்னா கலரு வந்துச்சினு யாரு பாக்கறது?”

“எடுத்தவங்க மட்டும்.”

“பையி புடிக்கிறவன்?”

“நீங்களும் பாக்கக் கூடாது ஐயா. முகத்தத் திருப்பிக்கணும்.”

நடுத்தெருவில் வேட்டியை அவிழ்க்கச் சொன்னதுபோல அவர் விழித்தார். “பாக்காம எடுத்தா அது சீட்டு இல்லமா. களவு.”

“இதுல பாத்தாத்தான் களவு. கோலி திரும்ப பைக்குள்ள போயிடுச்சான்னு மட்டும் கவனிச்சாப் போதும்.”

“பாக்காத எப்பிடி கவனிக்கிறது?”

“சத்தத்த வச்சுத் தெரிஞ்சுக்குங்க ஐயா” என்றாள் நந்தினி. அவளுக்கு இன்னும் ஐந்து குப்பங்கள் பாக்கி இருந்தன.

கொட்டகைக்கு வெளியே இருபது அடி தள்ளி அவள் மேசை. இந்தத் தடவை அதிகாரத்தில் உள்ள யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், உதயகுமார் தூரத்துப் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டான். மடியில் ஒரு நோட்டு. எதற்கு என்று கேட்டதற்கு, ஊராட்சி வேலை என்றான். ஏரிக்காரர்களின் குரல் அடுத்த படகுக்குக் கேட்பதற்கென்றே வளர்ந்தது. நந்தினியின் காதருகே வந்து ரகசியமாகச் சொன்ன ஒவ்வொரு பதிலும் புங்கமரத்தடிக்குத் தெளிவாகக் கேட்டது.

முதலில் உள்ளே போனவன் முனியன். அங்கமுத்து சொன்னபடி முகத்தை இடதுபக்கம் திருப்பிக்கொண்டார். முனியன் கையைவிட்டு ஒரு கோலியை எடுத்தான். எடுத்தவன், உள்ளங்கையை விரித்தபடி இடதுபக்கமே வந்து நின்றான்.

“கையி, பாத்துக்க.”

“பாக்கக் கூடாதுன்றாங்கடா.”

“நீ பாக்கலன்னா அப்பறம் நான் மாத்திட்டேன்னு சொல்லுவாங்க. பாரு நீ.”

அங்கமுத்து வலதுபக்கம் திரும்பினார். கையும் வலதுபக்கம் வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். விரித்த கைக்குள் கண் தானாக விழுந்தது. தலை தானாக ஆடியது. வெள்ளை. முனியன் கோலியைப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே போய் நந்தினியிடம் “இல்ல” என்றான். அதற்கப்புறம் வந்த முப்பத்தொன்பது பேரும் அப்படித்தான். ஒருவர்கூடக் கையி பார்த்துத் தலையாட்டாமல் கோலியைப் பைக்குள் விடவில்லை. ரகசியமாக எடுக்கச் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. கையி பார்ப்பதும் ரகசியத்தில் சேர்த்திதான் என்று நினைத்தார்கள்.

வெளியே வேறு குழப்பங்கள். கறுப்பு எடுத்த ஜேம்ஸ் பாடு விழுந்தவன் மாதிரி கையை உயர்த்திக்கொண்டே ஓடிவந்து, “இந்த வருசம் நம்பாத பாடு எனக்கு!” என்று கூவினான். நந்தினி அவசரமாகக் காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வருஷம் தனக்கு அந்தப் பாடு கிடைக்குமா, இல்லை ஜேம்ஸ் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்குமா என்று ஒருவர் விசாரித்தார். கஸ்தூரியம்மாளுக்கு வேறு சந்தேகம்.

“கறுப்பு வந்தா இல்லைனு சொல்லணும். வெள்ள வந்தா?”

“மனசுல உள்ளதச் சொல்லணும் பாட்டி.”

“ரெண்டும் ஒண்ணுதான. அப்பறம் எதுக்கும்மா ரெண்டு கலரு?”

உண்மையில் எல்லோரும் ஆசைப்பட்டது கறுப்புக்குத்தான். கறுப்பு விழுந்தவனுக்குத் தைரியம் தேவையில்லை. அரசாங்கமே அனுமதி கொடுத்துச் சொல்லச் சொல்கிறது. வெள்ளை விழுந்தவன்தான் பாவம், சொந்தத் தைரியத்தில் வாழவேண்டும்.

கடைசிக்கு இரண்டு பேர் முன்னால் திரௌபதி போனாள். அவளுக்குப் படகும் கிடையாது, பாடு முறையில் பங்கும் கிடையாது. பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். புருஷன் இல்லை. போன புயலில் கூரை போனது. தார்ப்பாயின் கீழ் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். ஊராட்சியில் புதிதாக எழுதியிருந்த வீட்டுப் பட்டியலில் இருபத்திரண்டு பெயர், அவளுடையது மூன்றாவது. இன்னும் உதயகுமாரின் நோட்டில் பென்சிலில்தான் இருந்தது.

பைக்குள்ளும் அவள் சேற்றில் தடவுகிற மாதிரியே மெதுவாகத் தடவினாள். எடுத்து விரித்தாள். வெள்ளை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கமுத்துவுக்குக் காட்டிவிட்டு, உள்ளே போட்டுவிட்டு, வெளியே போய் “நம்பிக்கை இல்ல” என்றாள். புங்கமரத்தடியில் பேனா நகர்ந்தது. தான் பார்த்தது பார்த்திருக்கக் கூடாதது என்று அங்கமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று வாரம் கழித்து வட்டார அலுவலகக் கூட்டத்தில் முடிவை வாசித்தார்கள். கோலிக்காகச் சொல்லியிருக்கக்கூடிய ‘இல்லை’களைக் கழித்துக் கணக்குப் போட்டதில், எங்கள் குப்பத்தில் நூற்றுக்கு முப்பத்தேழரைப் பேர் அரசை நம்புகிறார்கள். சுற்றுவட்டாரத்திலேயே குறைவு. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் உதயகுமாரைத் திரும்பிப் பார்த்தார்களாம். நூறிலிருந்து முப்பத்தேழரைக்கு இறங்கிய மனிதனின் முகம் எப்படி இருக்கும்? அவன் அரைப்புள்ளிக்குக்கூட ஆள் தேடிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினான்.

நோட்டில் ‘இல்லை’ சொன்ன முப்பத்தொரு பெயரும் இருந்தது. ஆனால் முப்பத்தொரு பேரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், கட்டுகிற வீட்டில் குடிவைக்க அவன் மச்சானும் மச்சான் வீட்டு ஆடும்தான் மிஞ்சும். அதில் யார் கோலிக்காகச் சொன்னது, யார் மனசோடு சொன்னது என்று பிரிக்க வேண்டும். நந்தினிக்கு போன் போட்டான். “எங்ககிட்டயே அந்தத் தகவல் இல்ல சார். அதான் இந்த முறையோட சிறப்பு” என்றாள் அவள் பெருமையாக. போனை வைத்ததும் அவனுக்குக் கையி ஞாபகம் வந்தது.

அங்கமுத்து கரையில் வலை அலசிக்கொண்டிருந்தார். உதயகுமார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினான். அவன் செருப்பைக் கழற்றினால் ஏதோ காரியம் என்று அர்த்தம்.

“இன்னாணா, எறா கீதா?”

“கீது. உன் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இல்ல.”

“உனக்குக் கண்ணு நல்லா தெரியும்னு கேள்விப்பட்டேன். கொட்டாயில எல்லாரும் உனக்கு காட்டிட்டுத்தான் போட்டாங்களாமே. ஜேம்ஸு சொன்னான்.”

அங்கமுத்து வலையை அலசினார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ணா. வெள்ள எடுத்துட்டு இல்லைனு சொன்னவன் யாருன்னு மட்டும் சொல்லு. ஊரு சோத்த தின்னுட்டு ஊரு மேலயே துப்பறவன் யாருன்னு எனக்கு தெரியணுமா வேணாமா?”

“வூடு தர்றதுக்கு நம்பிக்க எதுக்கு? கூரை இல்லன்னா போதாதா?”

“அத நீ கேக்காத. நீ சீட்டுப் பொய் சொல்லமாட்ட, ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கெழம கூட்டம் போடறேன். நான் பேரப் படிக்கிறேன், நீ கலரச் சொல்லு. பாடு சீட்டு மாதிரி, எல்லார் எதிர்லயும். உனக்குப் புடிச்ச மாதிரியே.” செருப்பை மாட்டிக்கொண்டான். “சொல்லமாட்டேன்னா, மறைக்கிறன்னு அர்த்தம். மறைக்கிறவன் கைல பானைய எப்பிடிணா குடுக்கறது?”

சாயங்காலம் இளவரசி இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் கை நின்றது.

“பாக்காதனு அந்தப் பொண்ணு படிச்சிப் படிச்சி சொல்லிச்சே.”

“நான் பாக்கல. கண்ணு பாத்துருச்சி.”

“கண்ணு உன் மூஞ்சிலதான கீது? அப்ப எனக்கு இன்னா வந்துச்சினும் தெரியுமா?”

“வெள்ள.”

அவளும் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருந்தாள். “எத்தினி பேரு அப்பிடி?” என்றாள்.

“பதினாலு. பதினேழு பேருக்கு கறுப்பு.”

“எல்லாம் ஞாபகம் கீதா?”

“சீட்டு மறக்காது.”

“மறந்துட்டேன்னு சொல்லிரு.”

“கையி மறந்துச்சின்னா யாரு நம்புவான்? நான் மறைக்கிறேன்னுதான் ஆவும். மறைக்கிறது பதினாலு பேருக்காகத்தான்னு அவனுக்குத் தெரியாதா? சந்தேகம் வந்தவன் பேரையெல்லாம் அடிப்பான். மொத பேரே திரௌபதிதான்.”

“அப்ப உள்ளத சொல்லப்போறியா?”

இளவரசி பெரிய இறாலைச் சின்னதோடும் சின்னதைப் பெரியதோடும் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் நாற்பது வீட்டு ஆட்களும் உட்கார்ந்தார்கள். மேடையில் உதயகுமார். பக்கத்தில் தலைவர் ஜமுனா, கையெழுத்துப் போட வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று. அங்கமுத்து வந்தார். சட்டையைக் கழற்றி மடித்துக் கீழே வைத்தார்.

உதயகுமார் நோட்டைத் திறந்தான். “முனியன்.”

“கறுப்பு” என்றார் அங்கமுத்து. பாடு சீட்டுக்குக் கூவுகிற அதே குரல்.

முனியனின் கண் ஒருதரம் சிமிட்டியது. அவ்வளவுதான்.

“ஜேம்ஸு.”

“கறுப்பு.”

“ஜேம்ஸு கதைதான் ஊருக்கே தெரியுமே. நீலமேகம்.”

“கறுப்பு.”

பத்துப் பெயர் வரைக்கும் உதயகுமார் தலையாட்டிக்கொண்டே டிக் அடித்தான். பதினைந்தில் பேனா மெதுவானது. பதினெட்டாவது பெயருக்கும் கறுப்பு வந்தபோது அவன் நிமிர்ந்தான். “திரௌபதி” என்றான், ஒவ்வோர் எழுத்தாக.

“கறுப்பு.”

கடைசிப் பெயர் இளவரசி. அதுவும் கறுப்பு. முப்பத்தொரு பேர், முப்பத்தொரு கறுப்பு.

உதயகுமார் நோட்டை மூடினான். “பையில பத்து கோலி. அதுல நாலு கறுப்பு. நாப்பது பேரு எடுத்தா பதினஞ்சு, பதினாறு, மிஞ்சிப்போனா இருவது வரும். முப்பத்தொண்ணு எப்பிடிணா வந்துச்சி?”

“வந்துச்சி.”

“பையில கோலிய மாத்திட்டியா?”

“நான் புடிச்ச பையில அப்பிடித்தான் வந்துச்சி. வேணும்னா எழுதிக்க.”

கூடத்தில் மூன்று விதமான ஆட்கள் இருந்தார்கள். நிஜமாகவே கறுப்பு எடுத்த பதினேழு பேருக்குத் தங்கள் வரையில் அவர் சொன்னது உண்மை. வெள்ளை எடுத்து ‘இல்லை’ சொன்ன பதினாலு பேருக்கு, அவர் தங்களுக்காகப் பொய் சொல்கிறார் என்று தெரியும். ஆனால் இளவரசியைத் தவிர ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ‘நம்புகிறேன்’ என்று சொல்லியிருந்த ஒன்பது வீட்டுக்காரர்களுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும். கணக்கு இடித்தது.

அந்த ஒன்பதில் ஒருவரான சீனிவாசன் எழுந்தார். “கோலியிலயே இப்பிடி வெளாடுதுன்னா, பானையில இத்தினி வருசம் இன்னா வெளாடுச்சோ? எனக்கு மூணு வருசமா முகத்துவாரத்துப் பக்கமே பாடு விழல.”

“அதான” என்றது இன்னொரு குரல்.

பேச்சு தீப்பிடித்தது. இருபத்தாறு வருஷத்தில் யாருக்கெல்லாம் மோசமான இடம் விழுந்ததோ அவர்களுக்கெல்லாம் ஒரே நிமிஷத்தில் காரணம் கிடைத்துவிட்டது. வலை அறுந்ததற்கும், அக்காள் மகளுக்கு வரன் தட்டிப்போனதற்கும்கூடக் கையியின் கை காரணமாயிற்று. உதயகுமார் பேசவிட்டு ரசித்தான். பிறகு எழுந்து நின்றான்.

“யாரையும் கட்டாயப்படுத்தல. ஜனநாயகம். வூட்டுக்கு ஒரு கையி. அங்கமுத்து மேல இன்னும் நம்பிக்கை கீதுன்றவங்க கையத் தூக்குங்க.”

இதற்குப் பை இல்லை, கோலி இல்லை, படிவம் இல்லை.

கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று இளவரசியைத் தவிர மற்ற பதின்மூன்று பேரும் கணக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் பொய்யனாகிவிட்டவனை ஒருத்தன் மட்டும் நம்பினால், அவனுக்கு அந்தப் பொய்யால் ஏதோ லாபம் என்றுதானே அர்த்தம்? பதினேழு பேருக்கும் அதே கவலை, தங்களை அந்தப் பதினாலில் சேர்த்துவிடுவார்களோ என்று. முனியனின் கை மூக்கு வரைக்கும் வந்தது. மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது. திரௌபதி முந்தானைக்குள் இரண்டு கைகளையும் சுருட்டி வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக் கையும் எழவில்லை. அது ஒன்பதில் ஒன்று.

இளவரசி தூக்கினாள். நேராக, முழங்கை மடங்காமல்.

“சொந்த வூட்டு ஓட்டு செல்லாது” என்றான் உதயகுமார்.

“நான் ஓட்டு போடலியே. பல்லி ஒண்ணு உன் தலைக்கு நேரா கீது, அத காட்டுனேன்” என்றாள் இளவரசி. உதயகுமார் சட்டென்று அண்ணாந்து பார்த்தான். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பானை உதயகுமாரின் மச்சான் கைக்குப் போனது. அவன் சட்டையோடுதான் சீட்டுப் போடுகிறான், முழுக்கைச் சட்டை. இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை.

வீட்டுப் பட்டியலில் யாரை அடிப்பதென்று உதயகுமாருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எல்லாமே கறுப்பு என்று ஊர் முன்னால் எழுதியாகிவிட்டது; அதற்குமேல் யாரை அடித்தாலும் ஏன் என்று சொல்லவேண்டும். திங்கட்கிழமை இருபத்திரண்டு பெயரும் அப்படியே சுவரில் ஒட்டப்பட்டன. மூன்றாவது பெயரும் இருந்தது. நந்தினியின் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது: பதில் அளித்தவர்களின் அந்தரங்கம் எவ்விதச் சேதமுமின்றிக் காக்கப்பட்டது என்றும், அதற்குக் காரணம் இந்த நவீன முறைதான் என்றும்.

செங்கல் வண்டி வரவேண்டிய அன்று காலையில் திரௌபதி கரைக்கு வந்தாள். அங்கமுத்து படகின் ஒழுகலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“ணா, அன்னிக்கு நான் கையத் தூக்கியிருக்கணும்.”

“தூக்கியிருந்தா மொத வேலையா உன் பேரத்தான் அடிச்சிருப்பான்.”

“அதுக்காக? போறவன் வர்றவன்லாம் உன்ன திருட்டுக் கையின்றான். எனக்குக் கேக்க முடியல. எனக்கு அன்னிக்கு இன்னா வந்துச்சினு எனக்குத் தெரியாதா? வெள்—”

“ஏய், சும்மா இரு!” தார்க்குச்சி கையில் இருக்க அவர் நாலு பக்கமும் பார்த்தார். பூநாரை பார்க்கவந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரு படகு தூரத்தில் போனது. வேறு யாரும் இல்லை. “உனக்குக் கறுப்புதான் வந்துச்சி. ஊர் எதிர்ல கூவிட்டேன். கூவுன சீட்ட மாத்தக் கூடாது.”

“ணா—”

“செங்கல் வண்டி வந்துரும். எண்ணி எறக்கலன்னா பத்து கல்லு அவன் மச்சான் வூட்டுக்குப் போயிடும். ஓடு.”

திரௌபதி எழுந்து ஓடினாள்.